கராச்சியிலிருந்து பாலாவிக்கு எத்தனை மணி

முதலில் சத்தம்தான் வரும். வாய் மூடிய போத்தலுக்குள் வண்டு சுற்றுவதுபோல, கடல்நீர்க் களப்புக்கு அப்பால், கற்பிட்டிப் பக்கமா மன்னார்ப் பக்கமா என்று பிடிபடாத ஒரு முனகல். அந்த நேரத்தில் வானத்தை அண்ணாந்து பார்க்கிறவன் புது ஆள். பழைய ஆள் தீப்பெட்டியைத் தேடுவான். விமானத்துக்கு விளக்கு வைக்கிற தொழிலில் காதுக்குத்தான் முதல் வேலை, கண்ணுக்குக் கடைசி வேலை.

இதை இரவு வேலைக்காரருக்காகத்தான் எழுதுகிறேன். ரயில் கேற்றில் நிற்கிறவர், பாண் சுடுகிற போறணையில் வேகிறவர், ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறவர், உப்புக் குவியலுக்குக் காவல் இருக்கிறவர். பகலில் தூங்கப் படுத்து, பக்கத்து வீட்டு உரல் சத்தத்திடம் தோற்று எழுந்து உட்காருகிற உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ஊர் முன்னேஸ்வரம். சிலாபத்தில் மீன் சந்தையில் நின்றேன், தேங்காய்க் கிட்டங்கியில் நின்றேன், சிலகாலம் ரயிலில் நின்றேன். எங்கும் கால் தரிக்கவில்லை. கடைசியில் புத்தளத்துக்குத் தெற்கே, பாலாவியில், யுத்தத்துக்காக வெள்ளைக்காரர் போட்ட விமானத் தளத்தில் வந்து விழுந்தேன். ஓடுபாதைக்கு மின்சார வெளிச்சம் கிடையாது. தேத்தண்ணிக் கேத்தல் மாதிரித் தகர விளக்குகள், மூக்கில் திரி, வயிற்றில் மண்ணெண்ணெய். பொழுது சாயும்போது இரண்டு வரிசையாக வைக்க வேண்டும். கோபுரத்தில் இருக்கிற துரை விசில் ஊதினால் கொளுத்த வேண்டும். வெளுத்ததும் பொறுக்கி எடுக்க வேண்டும். நாங்கள் மூன்று பேர்: மாம்புரிச் சந்தியாகு, புத்தளம் காசிம் நானா, நான்.

அட்லசும் நூலும்

ஊருக்குப் போன ஒரு துரை விட்டுப்போன பள்ளிக்கூட அட்லஸ் என்னிடம் இருந்தது. நான் படித்த சர்வகலாசாலை அதுதான். விளக்கு வைத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் எண்ணெய்க் கொட்டகையில் அதை விரித்து, தையல் நூலால் தூரம் அளப்பேன். ஊருக்கு ஊர் நூலைப் பிடித்து, பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் மைல் கோட்டில் நீட்டிப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். போவதற்கு இடமில்லாதவன் வேறு என்ன செய்வான்?

ஒருநாள் காசிம் நானா பக்கத்தில் வந்து குந்தினார். "வேலண்ணே, கராச்சியில இருந்து இஞ்ச எவ்வளவு தூரம் வரும்?" என்றார். அவர் ஏன் கேட்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். அவருடைய மகள் நபீசாவுக்குப் பேசி வைத்திருந்த இஸ்மாயில் கராச்சியில் இருந்தான். எங்கள் தளத்துப் பட்டறையில் எஞ்சின் கழுவுகிற வேலைக்கு வந்து, கைத்திறமையால் மெக்கானிக் ஆகி, இங்கிருந்த படை கராச்சிக்கு மாறியபோது அதோடு போனவன். அவன் நோன்புக்கு முன் வந்து நிக்காஹ் முடிக்க வேண்டும். நோன்பு மாதத்தில் கல்யாணம் வைக்கிற வழக்கம் அங்கே இல்லை. பிறை பிறக்கும் முன் அவன் வராவிட்டால் பெண்ணைக் கற்பிட்டியில் தாரமிழந்த ஒரு கடைக்காரருக்குக் கொடுப்பது என்று காசிம் நானாவின் தமையன் மரைக்கார் வாக்குக் கொடுத்திருந்தார். மரைக்கார் பள்ளிவாசல் பொறுப்பாளர், தென்னந்தோட்டக்காரர், அந்தக் குடும்பத்துக்கே வாய். தமையன் சொல்லைக் காசிம் நானா தட்டமாட்டார். இஸ்மாயிலைத் தவிர வேறு ஒருவருக்கு நபீசா தலை அசைக்கமாட்டாள்.

நூலைப் பிடித்துப் பார்த்தேன். ஆயிரத்து நானூறு மைல் சொச்சம் என்று வந்தது. காசிம் நானா அந்த நூலையே ஒரு நேர்த்திக் கயிற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சந்தியாகு எங்கள் தலைகளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "நூல் காஞ்சதா, நனைஞ்சதா அண்ணே? நனைஞ்ச கயிறு இறுகும். பிறகு காசிம் நானாட மருமகன் நூறு மைல் தள்ளிக் கடலுக்க இறங்கப் போறார்."

மேலே ஓடுவது

சந்தியாகு தலைமுறைக் கடற்காரன். தோணியை விட்டுவிட்டு எங்களோடு சேர்ந்தாலும், முகத்தைத் திருப்பிக் காற்றைக் கேட்காமல் ஒரு வேலையும் தொடங்கமாட்டான். ஒரே பாதையில் விமானம் போக ஒரு நேரமும் வர ஒரு நேரமும் எடுப்பது அவனுக்கு ஆச்சரியமே இல்லை. "கச்சான் காத்துக்கு எதிர்த்து ஓடினா தோணியும் சுணங்கும், இதுவும் சுணங்கும்" என்றான்.

ஒரு சாயங்காலம் சென்னைப் பக்கத்திலிருந்து ஒரு விமானம் வரவேண்டியிருந்தது. கச்சான் மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. "இண்டைக்கு வந்த மாதிரித்தான். ஒரு சுருட்டுப் பந்தயம், அரை மணி பிந்தும்" என்று சந்தியாகு சொன்னான். அவன் சொல்லை நம்பி நாங்கள் தேத்தண்ணி வைத்தோம். தண்ணீர் கொதிக்கவில்லை, முனகல் கேட்டுவிட்டது. விசில் பறந்தது. நாங்களும் பறந்தோம். விமானம் நேரத்துக்கு முன்பே வந்து, நாங்கள் கொளுத்தி முடிக்கும்வரை உப்பளத்துக்கு மேல் சுற்றியது.

பிறகு கோபுரத் துரை சொன்னார்: தரையில் ஒரு காற்று இருந்தாலும் அந்த உயரத்தில் அன்று வேறு திசைக் காற்றாம், முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டதாம். நான் அதைத் தமிழில் சொன்னேன். சந்தியாகு சுருட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டு நெடுநேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றான். தோற்ற மனிதனுடைய முகமாக அது இல்லை. திருவிழாவில் மாதாவின் கூடு பவனி வருவதை முதல்முறை பார்க்கிற முகம். "இவ்வளவு நாளும் கடல் ஒண்டெண்டு நினைச்சன் அண்ணே. மேல இன்னொண்டு ஓடுது."

கழுதைகளின் நேரம்

தொலைதூரக் கணக்கையே சொல்லிக்கொண்டிருந்தால் கிட்டதூரக் கணக்கு கோபித்துக்கொள்ளும். கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து எங்கள் தளத்துக்கு விமானத்தில் அரை மணிதான். ரயிலும் லொறியுமாக வந்தால் அரை நாள் அலைய வேண்டிய தூரம்.

ஆனால் புத்தளத்துக்கென்று சில குடிமக்கள் உண்டு. யாருக்கும் சொந்தமில்லாத கழுதைகள். ஓடுபாதையின் சூடு அவற்றுக்கு நல்ல பிரியம். ஒருமுறை விமானம் தலைக்கு மேல் வந்துவிட்டது, பாதை நடுவே ஒரு குடும்பமே படுத்திருக்கிறது. காசிம் நானா தென்னமட்டையோடு ஓடினார். வலப்பக்கம் துரத்தினால் இடப்பக்கம் வரும், இடப்பக்கம் துரத்தினால் அவரையே சுற்றி வரும். கடைசியில் அவர் மட்டையை எறிந்துவிட்டு, தாய்க் கழுதையின் காதருகே குனிந்து எதையோ சொன்னார். அது எழுந்து போனது. மற்றவை பின்னால் போயின. என்ன சொன்னார் என்று இன்றுவரை எங்களுக்குச் சொல்லவில்லை.

இறங்கி வந்த விமானி இளம்பிள்ளை. கோபிப்பான் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றிக் காசிம் நானாவுக்கு மரியாதை செய்தான். என்னிடம் அவன் ஆங்கிலத்தில் சொன்னதன் அச்சொட்டான தமிழ் இது: "இரத்மலானையிலிருந்து புத்தளத்துக்கு அரை மணி. புத்தளத்திலிருந்து தரைக்கு அரை மணி."

மரைக்காரின் விசாரணை

தளத்துச் சமையலுக்குத் தேங்காய் கொடுத்தவர் மரைக்கார். அவரைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை வண்டியில் அழுகல் காய் கலந்து வந்துவிட்டது. சமையற்காரன் கண்டுகொள்ளவில்லை. மரைக்கார்தான் கண்டார். வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு போய் வேறு காய் ஏற்றி வந்தார். நபீசா விஷயத்தில் அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் அந்த வண்டி திரும்பிப் போனதை நான் என் கண்ணால் பார்த்தவன்.

அவர் ஒருநாள் கோபுரத் துரையிடம் பேச வேண்டும் என்றார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். விமானம் எவ்வளவு வேகம் ஓடும்? மணிக்கு நூற்றைம்பது மைல். இரவில் வழி எப்படித் தெரியும்? நட்சத்திரம், வானொலி, எங்கள் விளக்கு. எஞ்சின் நின்றுபோனால்? மற்ற எஞ்சின் இருக்கிறது. அதுவும் நின்றால்? துரை சிரித்துக்கொண்டு, அப்படி நிற்காமல் இருக்கத்தான் நல்ல மெக்கானிக்குகளை வைத்திருக்கிறோம், இங்கிருந்து போன இஸ்மாயில் மாதிரி, என்றார்.

நான் அதைக் கொஞ்சம் அழுத்தியே மொழிபெயர்த்தேன். மரைக்காருக்கும் அது விளங்கியது. ஓடுபாதையின் நீளத்தை ஒருமுறை பார்த்தார், தாடியைத் தடவினார். "வேலயில கெட்டிக்காரன் எண்டு நானும் கேள்விப்பட்டேன். மணிக்கு நூத்தம்பது மைல் ஓடுற சாமானோட பழகினவன், ஒரு புள்ளைக்குப் பக்கத்தில ஒரு இடத்தில நிப்பானா? அதச் சொல்லச் சொல்லுங்க துரைய."

ஆகாயத்தில் ஏது கடை

கடைசியில் இஸ்மாயிலிடமிருந்து தந்தி வந்தது. உதிரிப் பாகங்கள் ஏற்றிவரும் ஒரு விமானத்தில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. புறப்படுகிற நாளைக் காசிம் நானா பள்ளிவாசலில் தொழுவிக்கும் லெப்பையிடம் கொண்டுபோய்ப் பார்த்தார். நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதம் இருபத்தொன்பது. அன்று பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு. தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள் மிச்சம்.

காசிம் நானா கணக்குப் போட்டார். ஆயிரத்து நானூறு மைல், மணிக்கு நூற்றைம்பது. சுபஹ் தொழுதுவிட்டு வெளிச்சத்தோடு ஏறினால் பின்நேரம் அஸருக்கு இங்கே. நிக்காஹை அஸருக்குப் பின் வைத்தார். ஆட்டுக்குச் சொன்னார், நெய்க்குச் சொன்னார், சமையலுக்கு ஆள் சொன்னார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. நூல் கடலுக்கு மேலால் நேராகப் போகும், விமானம் அப்படிப் போகாது. வழியில் இறங்கி எண்ணெய் நிரப்பும், ஆளும் பெட்டியும் ஏற்றும் என்றேன். சிலாபத்துக்குப் போகிற லொறியே எத்தனை இடத்தில் நிற்கிறது என்று உதாரணமும் காட்டினேன். காசிம் நானா என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். புத்தளம் ரோட்டு லொறிகளோடு வளர்ந்த எல்லோருக்கும் இருக்கிற நம்பிக்கை அவருக்கும் இருந்தது: வண்டி நிற்பது டிரைவர் இறங்கத்தான். "லொறி நிக்கிறது தேத்தண்ணி குடிக்க, வேலண்ணே. ஆகாயத்தில எங்க இரிக்கிது தேத்தண்ணிக் கட?"

பிறை

அஸர் ஆனது. விமானம் வரவில்லை. புது உடுப்போடு கம்பி வேலியோரம் வந்து நின்ற காசிம் நானா, நேரம் போகப்போகக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் சோறு தம்மில் இருந்தது. பம்பாயில் ஒரு தரிப்பு, பெங்களூரில் ஒரு தரிப்பு, அங்கே ஏதோ சுணக்கம் என்று கோபுரத்திலிருந்து செய்தி வந்தது. நான் போய்ச் சொன்னேன். "வருதுதானே?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன்.

வேலிக்கு வெளியே மெல்ல மெல்லக் கூட்டம் சேர்ந்தது. களப்பின் மேற்குத் திசை மறைப்பில்லாமல் தெரிகிற இடம் அது. புத்தளம் பட்டினத்து ஆட்கள் பிறை பார்க்க அங்கேதான் வருவார்கள். லெப்பை வந்தார். மரைக்கார் வந்தார். பாய் விரித்து மஃரிப் தொழுதார்கள். பிறகு எல்லா முகமும் மேற்கே. கச்சான் மேகம் களப்பின் விளிம்பிலிருந்து உச்சிவரை சாம்பல் போர்வைபோல மூடிக் கிடந்தது. ஒரு கீறல் வெளிச்சம் இல்லை. நாங்கள் விளக்குகளோடு நின்றபடியே பார்த்தோம். சந்தியாகு சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, "மாதாவே, அந்த மேகத்தைக் கலைக்காத" என்று முணுமுணுத்தான்.

பார்க்க வேண்டிய நேரம் முடிந்தது. "பிறை தெரியல்ல" என்றார் லெப்பை. "நாளைக்கு ஷஃபான் முப்பது." காசிம் நானா வேலியோரத்திலேயே நெற்றி தரையில் பட சுஜூதில் விழுந்தார். ஒரு நாள் கிடைத்துவிட்டது. அந்த நேரத்தில்தான் வடக்கேயிருந்து முனகல் கேட்டது. விசில் ஊதியது. அன்று கொளுத்தியது போல நாங்கள் ஒருநாளும் கொளுத்தவில்லை. காசிம் நானா புது உடுப்போடே எண்ணெயில் கை வைத்தார்.

இஸ்மாயில் தகரப் பெட்டியோடு இறங்கி வந்தான். காக்கிச் சட்டை, கண்ணில் களைப்பு. காசிம் நானா அவனை வேலியடிக்குக் கூட்டிவந்து, எல்லோருக்கும் கேட்கவே சொன்னார்: "பிறை காணல்ல மருமகன். அல்லாஹ் ஒரு நாள் தந்திரிக்கிறான்."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். "பிறை இரிக்கிது மாமா. நான் பாத்தேன்."

"எங்க பாத்த?" என்றார் காசிம் நானா, குரல் இறங்கி. "மேகத்துக்கு மேல. மன்னாரத் தாண்டி வரக்குள்ள, வலப்பக்கத்து யன்னலால. நூல் மாதிரி, சாஞ்சு நிண்டது." காசிம் நானா அவன் கையைப் பிடித்தார். "களைப்பில வேற எதையும் பாத்திருப்பாய் மகன்." அது கேள்வி இல்லை, கெஞ்சல். அவன் தலையை ஆட்டினான். சந்தியாகு என் காதில், "வாயைப் பொத்திக்கொண்டு நிண்டா இந்த மனுசனுக்கு என்ன குறைஞ்சு போகும்?" என்றான். எனக்கும் அதே கேள்விதான்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. வானத்தில் பார்த்தது கணக்கில் வருமா? "பாவா ஆதம் மலையில ஏறி நிண்டு பாத்தா ஏத்துக்கொள்றம்தானே, அப்ப இதுக்கு என்ன?" என்றார் ஒரு துணிக்கடைக்காரர். "மலைக்கு அடி தரையில இரிக்கிது. இதுக்கு அடி எங்க?" என்றார் இன்னொருவர். லெப்பை கையை உயர்த்தினார். "நான் ஓதின கிதாபில ஏரோப்பிளேன் இல்ல. சாட்சி இரிக்கிது. நம்பத்தக்க ஆம்புள ஒருத்தன் பாத்தேண்டு சொன்னா நோன்பு பிடிக்கணும். இவன் நம்பத்தக்கவனா எண்டு நான் கேக்கணும். மாமனாரக் கேக்க ஏலாது, அவருக்குப் பங்கு இரிக்கிது. பள்ளிக்குப் பொறுப்பு நீங்க, மரைக்கார். நீங்க சொல்லுங்க."

அங்கே நின்ற எல்லோருக்கும் அந்தக் கேள்வியின் முடிச்சு விளங்கியது. இவன் நம்பத்தகாதவன் என்றால் பிறை இல்லை. நாளைக்கு நிக்காஹ் நடக்கும். கற்பிட்டிக்குக் கொடுத்த வாக்குப் போகும். நம்பத்தக்கவன் என்றால் பிறை உண்டு, தவணை முடிந்தது, கற்பிட்டி வாக்கு நிற்கும். ஆனால் இத்தனை பேர் முன்னால் நம்பத்தக்கவன் என்று சொல்லிவிட்டு அவனுக்குப் பெண் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

மரைக்கார் இஸ்மாயிலிடம் வந்தார். "பிறை எண்டா உனக்கு என்ன நட்டம் எண்டு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்ன?"

"பாத்தேனே" என்றான் அவன்.

ஓடுபாதையில் விளக்குகள் காற்றில் சாய்ந்து எரிந்தன. அணைக்கும்படி விசில் வந்தது. நாங்கள் மூவரும் அசையவில்லை. மரைக்கார் தாடியைத் தடவவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு லெப்பையைப் பார்த்துத் திரும்பினார். "இவன்ட சொல் போதும். நாளைக்குத் தலைநோன்பு. கற்பிட்டியாருக்கு நான் பதில் சொல்லிக்கொள்றேன். நோன்பு ராவில நிக்காஹ் வழக்கம் இல்லதான், ஹராமும் இல்ல. இண்டைக்கே முடிங்க லெப்பை. சாட்சிக்கு ஆகிறவன் சம்பந்தத்துக்கும் ஆவான்."

சஹர் சோறு

அஸருக்கு உண்ண வேண்டிய கல்யாணச் சோற்றை ஊர் விடியுமுன், நோன்பு தொடங்கும் சஹருக்கு உண்டது. அதற்கு முன் அப்படி ஒரு சஹர் புத்தளத்தில் இருந்திருக்காது. ஆட்டிறைச்சியும் நெய்ச்சோறும் உண்டு தலைநோன்பு பிடித்தவர்கள் அன்று பின்நேரம்வரை பசி என்ற பேச்சே எடுக்கவில்லையாம். எங்களுக்கு அழைப்பு இருந்தது, ஆனால் இரவு வேலைக்காரனுக்கு எந்தக் கல்யாணம் வாய்த்திருக்கிறது? உங்களுக்குத் தெரியாததா.

வெளுத்த பிறகு காசிம் நானா தலையில் சகன் தாம்பாளத்தோடு வந்தார். சந்தியாகுவுக்கு இறைச்சி. இறைச்சி தின்னாத எனக்கென்று நபீசாவின் உம்மா தனியாக நெய்ச்சோறும் கத்தரிக்காயும் வைத்து, இலையால் மூடி, நூலால் கட்டி அனுப்பியிருந்தார். தான் நோன்பு பிடித்துக்கொண்டு, நாங்கள் தின்பதைப் பார்த்தபடி காசிம் நானா உட்கார்ந்திருந்தார். ஒரு இரவில் அவருக்குப் பத்து வயது குறைந்திருந்தது.

"மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டுப் பிள்ளை என்ன சொன்னாள்?" என்று கேட்டான் சந்தியாகு. எனக்கும் அதுதான் கேட்க வேண்டியிருந்தது. காசிம் நானா சிரித்தார். நிக்காஹ் முடிந்து வீட்டுக்குள் போனபோது, பிறை பார்த்த கதையை ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நபீசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மாப்பிள்ளைக்குக் கேட்கும்படியாகவே வாப்பாவிடம் சொன்னாளாம்: "ஆயிரத்து நானூறு மைல் வந்தும் கண் வானத்திலதான் நிண்டிரிக்கிது வாப்பா. இனிக் கொஞ்சம் வீட்டயும் பாக்கச் சொல்லுங்க."

விமானங்களுக்கு விளக்கு வைத்த இத்தனை காலத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: வருகிற நேரத்தை எவரும் சரியாகச் சொன்னதில்லை, வந்து சேர்ந்த பிறகு எவரும் அதைக் கேட்டதுமில்லை.

காசிம் நானா வெறும் சகனை எடுத்துக்கொண்டு போனார். சந்தியாகு கொட்டகை நிழலில் சுருண்டான். கேத்தல்களின் மூக்கில் இரவுக் கரி தடிப்பாகப் பிடித்திருந்தது. ஒரு பிடி சாம்பலும் தேங்காய்த் தும்பும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, முதல் கேத்தலைத் துலக்கத் தொடங்கினேன்.